பக்கவாதத்துக்குப் பின் மனம்: ஜெலாப்பாங் வட்டாரத்தின் கதை

பக்கவாதத்தில் உயிர் தப்பியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. கை கால் விழுந்துவிட்ட துயரம் அதற்கு ஒரு காரணம். மூளையில் பட்ட காயமும் அதில் பங்கெடுக்கிறது. நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாத அழுகை, சுள்ளென்று வரும் கோபம், எதிலும் பற்றில்லாத போக்கு, படுத்து எழுந்தாலும் தீராத அசதி ஆகியவையும் அந்தக் காயத்தோடு சேர்ந்தே வருகின்றன. மருத்துவம் இதை முறையாக ஆராயத் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டுதான் ஆகிறது. மலேசியத் தோட்டப்புறங்களிலிருந்து நகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் இது இடம்பிடிக்க இன்னும் நாளானது. ஈப்போவின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் ஜெலாப்பாங்கின் கடந்த காலத்தைப் பார்த்தால் அந்தத் தாமதத்துக்கான காரணங்கள் விளங்கும்.

ஈப்போ கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தால் வளர்ந்த நகரம். அதன் வடக்கே செமோர், சுங்கை சிப்புட் வரை ரப்பர் தோட்டங்கள் பரவியிருந்தன. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டு, ஓரங்களில் வாழ்ந்தவர்களை ஒரே இடத்தில் குடியேற்றும் பிரிக்ஸ் திட்டம் 1950இல் வந்தபோது கிந்தாவில் பல புதுக்கிராமங்கள் எழுந்தன. ஜெலாப்பாங் புதுக்கிராமமும் அவற்றில் ஒன்று. குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். தமிழர்கள் அதற்குப் பக்கத்திலேயே சிலிபின், புந்தோங் பகுதிகளில் வாழ்ந்தார்கள். 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. இப்படி வேரறுந்து வந்தவர்களின் பிள்ளைகள் குடியேறிய தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகள் ஜெலாப்பாங்கிலும் எழுந்தன. வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் நெடுஞ்சாலையில் முன்பிருந்த ‘ஜெலாப்பாங் டோல்’ வழியாகத்தான் பழக்கம்.

தோட்டக் காலத்தில் பக்கவாதம் பெரிய நோயாக எண்ணப்படவில்லை. காலனிய மருத்துவத்தின் கவலையெல்லாம் மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு பற்றியதாகவே இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியும் அங்கிருந்த டிரெஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளரின் வேலையும் அவற்றைச் சமாளிக்கவே ஏற்பட்டவை. தொழிலாளர்கள் பக்கவாதம் வரும் வயதை எட்டுவதும் குறைவு. எட்டியவர்களில் பலர், வேலைக்கு ஆகாதவர்கள் என்று கணக்கிடப்பட்டு ஊருக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1907இல் தோன்றிய குடியேற்ற நிதி, ஆட்களைத் தமிழகத்திலிருந்து கொண்டுவரவும் நலிந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் செலவு செய்தது. பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ போன கப்பல்களில் நடமாட முடியாதவர்களும் சென்றார்கள். அவர்கள் மனம் என்ன பட்டது என்பதை எந்த நிர்வாகப் பதிவேடும் கேட்டதில்லை.

போகாமல் தங்கியவர்களின் நிலை லயம் எனும் தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் தெரிந்தது. பால்மரம் வெட்டுவது கையின் வேலை. பட்டையைச் சீவும் கத்தி மரத்துக்குள் அதிகம் இறங்கினால் மரம் கெடும், குறைவாக இறங்கினால் பால் வராது. அந்த அளவு கைக்குத்தான் தெரியும். தமக்கு ஒதுக்கிய மரவரிசையான நிரையை முடித்து, மங்கு எனும் கிண்ணங்களில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டா எனும் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்குப் போக வேண்டும். ஒரு கை விழுந்துவிட்டால் இவை எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகும். “இழுத்துக்கிச்சு”, “ஒரு பக்கம் விழுந்துபோச்சு” என்று சொல்லி, மறுநாள் பெரட்டு எனும் காலை ஆள்கணக்கில் அந்தப் பெயர் இல்லாமலே ஆள் எண்ணுவார்கள்.

அதன் பின் நடந்ததில் நல்லதும் கெட்டதும் கலந்திருந்தன. நோயாளியைக் காலையில் வீட்டு முகப்பு நடையான அஞ்சடிக்குக் கொண்டுவந்து உட்கார வைப்பது வழக்கம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். வெளிக்காட்டிலிருந்து திரும்புகிறவர்கள், தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். நாளைக்குப் பத்துப் பேராவது நின்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். வாய் குழறினாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்று பேச்சுப் பயிற்சி என்றும் சமூக ஈடுபாடு என்றும் திட்டமிட்டுச் செய்யப்படுவதன் ஒரு பகுதி அங்கே திட்டமில்லாமலே நடந்தது. அதே அஞ்சடியில்தான் முன்வினை, செய்வினை, காத்துக்கருப்பு என்ற பேச்சும் அவர் காதில் விழுந்தது. பூசாரியிடம் மந்திரிப்பது, எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது, மலாய்க்காரக் கிழவர்களிடம் ‘ஊருட்’ எனும் உடம்பு பிடித்துவிடும் வைத்தியம் பார்ப்பது ஆகியவை மாறி மாறி நடந்தன. யூகி வைத்திய சிந்தாமணி வாதநோய்களை 80 என்று வகுத்த மரபு ஏட்டில் இருந்தாலும், தோட்டத்துக்கு வந்துசேர்ந்தது பெரும்பாலும் தைலமும் பத்தியமும்தான். தொட்டுப் பிடித்துவிடுகிற ஒரு கை தினமும் வந்தது என்பதே நோயாளிக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

அந்த ஆறுதலை வேரோடு அரித்தது வீட்டுப் பிரச்சினை. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடும் போகும். குடும்பத்தில் இன்னொருவர் தோட்ட வேலையில் இருந்தால்தான் நோயாளி அங்கே நீடிக்க முடியும். ஆகவே மகனோ மருமகளோ வெளியே நல்ல வேலை கிடைத்தாலும் போக முடியாமல் நின்ற குடும்பங்கள் உண்டு. “நான் உங்களுக்குப் பாரம்” என்று நோயாளி சொல்வதை வெறும் மனச்சோர்வின் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. அதன் பின்னால் கணக்குப் பார்க்கக்கூடிய ஓர் உண்மை இருந்தது. 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி ஒரு சிறு தொகையைத் தந்தது. வேலையிட விபத்துக்கான இழப்பீட்டில் பக்கவாதத்துக்கு இடமில்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971இல் செயல்படத் தொடங்கிய சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம்தான், வேலையிடத்துக்கு வெளியே வந்த நோயால் முடமானவருக்கும் ஓய்வூதியம் உண்டு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதைப் பெற, வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இனி ஈட்ட இயலாது என்று மருத்துவ வாரியம் ஏற்க வேண்டும். மாதாமாதம் வீட்டுக்குள் வரும் ஒரு தொகை, குடும்பத்தில் தனக்கு இன்னும் இடமிருக்கிறது என்ற எண்ணத்தைக் காப்பாற்றுகிறது. பக்கவாதத்துக்குப் பிந்திய மனநலத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மருந்துகளைப் பற்றிப் பேசுமளவு இந்த ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசுவதில்லை, பேச வேண்டும்.

மேற்கத்திய மருத்துவமும் இந்தத் துயரத்தை நெடுங்காலம் ஓரக்கண்ணால்தான் பார்த்தது. யோகான் யாக்கோப் வெப்ஃபர் 1658இல், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் இரத்தம் கசிந்திருப்பதைப் பதிவு செய்தார். பால் புரோக்கா 1861இல், பேச்சிழந்த ஒருவரின் மூளையில் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருப்பதைக் காட்டினார். சார்லஸ் டார்வின் 1872இல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி எழுதிய நூலில், ஒரு பக்கம் விழுந்தவர்கள் எளிதில் அழுவதைக் குறிப்பிட்டார். கின்னியர் வில்சன் 1924இல், துயரமே இல்லாமல் வரும் அழுகையையும் மகிழ்ச்சியே இல்லாமல் வரும் சிரிப்பையும் தனி நோய்க்குறியாக விவரித்தார். முகத்தையும் மூச்சையும் இயக்கும் நரம்பு மையங்களின் மேல் மூளைக்கு இருந்த கட்டுப்பாடு தளர்ந்துபோவதே அதற்குக் காரணம் என்பது அவர் விளக்கம்.

தமிழ்க் குடும்பத்தில் இந்த ஒரு குறி உண்டாக்கிய மனவருத்தம் கொஞ்சமல்ல. துக்க வீட்டில் ஒருவர் சிரித்துவிட்டால் அதை மன்னிப்பது கடினம். கங்காணியாக அதட்டி வாழ்ந்தவர் தொலைக்காட்சியில் சாதாரணக் காட்சிக்கெல்லாம் தேம்பினால் பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியாது. “ஆம்பள அழலாமா” என்று சொல்வார்கள். அவர் மேலும் அழுவார். இது நரம்பின் வேலை, அவர் மனசு உடைந்ததால் வருவதல்ல, பேச்சை மாற்றினால் அடங்கிவிடும், தேவைப்பட்டால் மருந்தும் உண்டு என்று ஒரு தாதி ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால் பல வீடுகளில் பல வருட வேதனை மிச்சமாகியிருக்கும்.

சோர்வு தனி நோய்தான் என்பதற்கான தெளிவான சான்று 1977இல் வந்தது. ஃபோல்ஸ்டைனும் அவருடைய சகாக்களும், பக்கவாத நோயாளிகளையும், எலும்பு மூட்டுப் பாதிப்பால் அதே அளவு முடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். முடக்கம் சமமாக இருந்தும் மனச்சோர்வு பக்கவாதக்காரர்களிடமே அதிகம் காணப்பட்டது. தொடர்ந்து ராபர்ட் ராபின்சன் அமெரிக்காவில் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். மூளையின் இடப்பக்க முன்பகுதியில் காயம் பட்டால் சோர்வு அதிகம் என்பது அவர் கருத்து. 2000இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு அந்த இடப்பக்கக் கொள்கையை உறுதிப்படுத்தவில்லை. ஃபுளூவாக்செடின் போன்ற மனச்சோர்வு மருந்தை எல்லா நோயாளிகளுக்கும் கொடுத்தால் கைகால் செயல்பாடு மேம்படுமா என்று பெரிய அளவில் சோதித்த ஆய்வுகளில், 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வு, மேம்படவில்லை என்று காட்டியது. ஆனால் புதிதாக மனச்சோர்வு வருவது ஓரளவு குறைந்தது. எலும்பு முறிவு கூடியது. எனவே சோர்வு உள்ளவருக்கு மருத்துவர் பார்த்துத் தருவதே முறை என்றாயிற்று.

இந்த அறிவு ஈப்போவுக்கு வந்தபோது ஒரு பழைய பெயர் வழிமறித்தது. நகருக்குக் கிழக்கே தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடந்தார்கள். மலேசியா முழுக்கவே அந்த ஊரின் பெயர் ஏச்சாகிவிட்டது. பேராக் தமிழர்களின் வாயிலும் “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்” என்பது புழங்கியது. ஜெலாப்பாங்கிலிருந்து அது அதிக தூரமில்லை. அப்படிப்பட்ட வட்டாரத்தில், பக்கவாதக்காரரின் மனைவியிடம் “மனநல டாக்டரைப் பாருங்கள்” என்று சொன்னால் அவர் காதில் விழுவது வேறு. கைகாலுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அந்த ஒரு அறைக்குப் போக மறுத்தார்கள். பொது மருத்துவமனைகளுக்குள் மனநலப் பிரிவுகள் வந்ததும், 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்ததும், சுகாதார கிளினிக்குகளிலேயே மனச்சோர்வுக்கான கேள்வித்தாள் கொடுக்கப்படுவதும் அந்தத் தயக்கத்தைக் குறைத்தன. தயக்கம் ஒழிந்துவிடவில்லை.

தாமான் வாழ்க்கை நோயாளிக்கு மின்விசிறியும் கான்கிரீட் தரையும் உள்கழிவறையும் தந்தது. அஞ்சடியை எடுத்துக்கொண்டது. வரிசை வீட்டின் முன்னால் இரும்புக் கேட், அதற்குள் கிரில். காலை ஏழு மணிக்குப் பெரியவர்கள் தொழிற்சாலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட, ஹாலில் போட்ட கட்டிலில் நோயாளி தொலைக்காட்சியைப் பார்த்தபடி கிடப்பார். பக்கத்தில் நாலுகால் ஊன்றுகோல், பிளாஸ்டிக் நாற்காலி, குழாய் போட்ட தண்ணீர்ப் புட்டி. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆளில்லை. நோயும் முந்திக்கொண்டு வந்தது. 2019 தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தவர்களில் 30 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் இருந்தன; இந்தியர்களில் நீரிழிவு 31.4 விழுக்காடு. லயத்தில் கிழவர்களுக்கு வந்தது, தாமானில் கடன் கட்டிக்கொண்டிருக்கும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களுக்கும் வந்தது.

வெளியே போகக் கூசுவதற்கு நடை மட்டும் காரணமல்ல. வலக்கை விழுந்த தமிழருக்குச் சாப்பாடே ஒரு சோதனை. இடக்கையால் இலையில் சோற்றைப் பிசைவது சிறுவயதிலிருந்து தடுக்கப்பட்ட செயல். கழுவவும் அதே கை, உண்ணவும் அதே கை என்ற நினைப்பே பலரைப் பட்டினி போட்டிருக்கிறது. கரண்டி பிடித்தாலும் வாய்க்கோணத்தில் இரசம் வழியும். துடைக்க வேண்டியதும் அதே கைதான். கல்யாணப் பந்தியில் உட்காரச் சொன்னால் “பசிக்கல” என்று ஒதுங்குவார். விபூதி பூசுவது, பெரியவரைக் கும்பிடுவது, சின்னவருக்கு மொய் நீட்டுவது எல்லாம் வலக்கையைச் சேர்ந்தவை. பெண்களுக்குச் சேலைக் கொசுவமும் தலைப்பின்னலும் பொட்டும் பிறர் கைக்குப் போய்விடுகின்றன. தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் இடக்கைக்கு ஏற்ற தடித்த பிடியுள்ள கரண்டி, விளிம்பு உயர்ந்த தட்டு, ஒட்டும் பட்டை வைத்த பிளவுஸ் என்று வழிகள் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பாக, இடக்கையால் உண்பதில் குற்றமில்லை என்று வீட்டில் மூத்தவர் ஒருவர் வாய்விட்டுச் சொல்வது அதிகம் பலன் தருகிறது.

பக்கவாதத்துக்குப் பின்னும் வெளியே வரலாம் என்பதைத் தமிழர்கள் பெருவாரியாகக் கண்ணால் கண்டது தமிழக முதல்வர் எம்.ஜி.ஆரிடம். 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறோடு பக்கவாதமும் தாக்கி, சிகிச்சைக்காக அமெரிக்கா சென்றார். அங்கிருந்தபடியே தேர்தலில் வென்று, 1985இல் திரும்பி மீண்டும் முதல்வரானார். பேச்சு பழையபடி திரும்பவில்லை. 1987 டிசம்பரில் மறையும்வரை அந்தக் குழறலோடுதான் பதவியில் இருந்தார். மலேசியத் தோட்டங்களிலும் அவருக்கு இருந்த இடம் தெரிந்ததே. முழுக்கக் குணமானவர் என்று அவரைச் சொல்ல முடியாது. குணமாகாமலே மக்கள் முன் நின்றார் என்பதில்தான் அவர் எடுத்துக்காட்டின் பெறுமதி இருந்தது.

பேச்சிழந்தவர்களின் தனிமை மற்றெல்லாவற்றிலும் கொடியது. ஈப்போத் தமிழர் ஒருவர் வீட்டில் தமிழும், அரசு அலுவலகத்தில் மலாயும், கடைத்தெருவில் கொஞ்சம் கன்டனீசும் பேசியிருப்பார். காயத்துக்குப் பின் எந்த மொழி முதலில் திரும்பும்? முதலில் கற்றது என்பது ரிபோ 1881இல் முன்வைத்த கருத்து. அதிகம் புழங்கியது என்பது பித்ரே 1895இல் சொன்னது. இரண்டுக்கும் ஒத்துவராத நோயாளிகள் ஏராளம். மலேசியாவில் பேச்சுச் சிகிச்சையாளர்களை உருவாக்கும் படிப்பு தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியதே 1990களில்தான். தமிழில் பயிற்சி தரக்கூடியவர்கள் குறைவாக இருக்கும்போது, தமிழ் மட்டுமே மிஞ்சிய ஒருவருக்கு மலாயில் படஅட்டை காட்டப்படுகிறது. பதில் வராததைக் கண்டு, புரியவில்லை என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. பேச முடியாதவரிடம் சோர்வைக் கேட்டறிவதும் கடினம். 1990களின் இறுதியில் பிரிட்டனில் இதற்கென்றே, நோயாளியைக் கவனிப்பவர் நிரப்பும் கேள்வித்தாள் உருவாக்கப்பட்டது. அழுகிறாரா, முகம் திருப்பிக்கொள்கிறாரா, பார்க்க வருபவர்களைத் தவிர்க்கிறாரா என்று அது கேட்கிறது. பேச வராதவருக்கும் பாட்டு வரக்கூடும் என்பது 1745இலேயே சுவீடனில் பதிவான செய்தி. அதை வைத்து 1970களில் அமெரிக்காவில் இசைவழிப் பேச்சுப் பயிற்சி உருவானது. பெயர் சொல்ல வராத பாட்டி, தெரிந்த பக்திப் பாடலை முழுக்க முணுமுணுப்பதைத் தமிழ் வீடுகளும் கண்டிருக்கின்றன. அதை அதிசயம் என்று விட்டுவிடாமல் பயிற்சிக்குத் தொடக்கமாக்க முடியும்.

நோயாளிகளை மருத்துவமனைக்கு வெளியே உள்ளவர்கள் தூக்கிவிடும் முறை பிரிட்டனில் வளர்ந்தது. நடிகை பாட்ரிசியா நீல் 1965இல் மூளை இரத்தக்கசிவால் பேச்சையும் நடையையும் இழந்தார். கணவர் ரோல்ட் டால், அண்டை அயலாரை முறைவைத்து வரவழைத்துத் தினமும் மணிக்கணக்கில் பேசவும் படிக்கவும் வைத்தார். அவர்களில் ஒருவரான வலெரி ஈட்டன் கிரிஃபித் அந்த அனுபவத்தை நூலாக்கி, தன்னார்வலர் திட்டமாகவும் விரித்தார். மலேசியாவில் இதே நோக்கில் 1996இல் நாசாம் என்ற தேசியப் பக்கவாதச் சங்கம் தோன்றியது. நிறுவியவர் ஜெனட் யோ, தாமே பக்கவாதத்திலிருந்து மீண்டவர். பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கிய அதன் மையங்கள் பிற நகரங்களுக்குப் பரவின. ஈப்போவிலும் ஒன்று அமைந்தது. ஆஸ்பத்திரியில் ஃபிசியோ ஒரு வாரத்தில் சில மணித்துளிகளே கிடைக்கும் நிலையில், இத்தகைய மையம் நாள்முழுக்க இருக்க இடம் தந்தது. மேசையில் துண்டை விரித்து விழுந்த கையை நல்ல கையால் தள்ளித் துடைப்பது, துணிக்கிளிப்பைக் கயிற்றில் மாட்டுவது, எழுந்து உட்கார்ந்து எண்ணுவது என்று பயிற்சிகள் எளியவை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் ஆறு மாதம் முன்னால் இதே நிலையில் இருந்தவர் என்பதுதான் அங்கே முக்கியம். வீட்டில் எத்தனை பேர் தைரியம் சொன்னாலும் அவர்கள் நோயைப் பட்டவர்களல்ல.

குடும்பமே எல்லாவற்றையும் செய்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் வரம்பு உண்டு. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து நடந்த ஒரு பெரிய சோதனையில், உறவினர்களுக்குப் பயிற்சி தந்து வீட்டிலேயே மறுவாழ்வுச் சிகிச்சை செய்யவைத்தார்கள். வழக்கமான கவனிப்பைவிட அதனால் பலன் கூடவில்லை என்று 2017இல் முடிவு வந்தது. பயிற்சி பெற்ற ஆட்களின் வேலையைக் குடும்பத்தின் தலையில் இறக்கிவைத்தால் போதாது என்பதே அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

சொக்சோ 2007இல் வேலைக்குத் திரும்பும் திட்டத்தைத் தொடங்கியபோது ஓய்வூதியத்தின் போக்கு மாறியது. இயலாது என்று நிரூபிப்பதோடு நிற்காமல், எது இயலும் என்று பார்க்கும் பழக்கம் வந்தது. மலாக்காவில் மறுவாழ்வு மையம் அமைந்தது. அதன்பின் ஜெலாப்பாங்குக்குப் பக்கத்திலேயே மெரு ராயாவில், இயந்திரக் கருவிகளின் துணையோடு நடையும் கையசைவும் பயிற்றும் நரம்பியல் மறுவாழ்வு மையத்தை சொக்சோ கட்டியது. ஆனால் சம்பளப் பட்டியலில் பெயரில்லாத பெண்கள் நெடுங்காலம் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றவர்கள். தமக்குப் பக்கவாதம் வந்தால் அவர்களுக்கு ஓய்வூதியம் இருக்கவில்லை. கணவனுக்கோ மாமியாருக்கோ வந்தால் தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டம், ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில் அவர்களுடைய முடத்துக்கும் காப்பு அளிக்கிறது. கவனிப்பவர்களின் சோர்வை அளக்க மருத்துவமனைகளில் இன்னும் முறையான ஏற்பாடு பரவலாகவில்லை. நாசாம் போன்ற மையங்களில், நோயாளி பயிற்சி செய்யும் நேரத்தில் உடன்வந்தவர்கள் தங்களுக்குள் உட்கார்ந்து பேசிக்கொள்வதே பல பெண்களுக்குக் கிடைத்த முதல் ஆதரவுக் குழு.